ஹஸ்கிக்கு இழுக்கப் பிடிக்குமா? புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நார்வேயின் ஆஸ்லோ நகரின் வடக்கு ஓரத்தில் ஸொங்ஸ்வான் என்ற ஏரி இருக்கிறது. மெட்ரோவின் 5ஆம் எண் தடம் அங்கேதான் முடிகிறது. ஏரியைச் சுற்றி வந்தால் 3.3 கிலோமீட்டர். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில், அந்தப் பாதையின் உறைந்துபோன வளைவு ஒன்றில், என் ஹஸ்கி நாய் என்னைக் குப்புறத் தள்ளிப் பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போனாள். மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

அவள் பெயர் ரூனா. ஊரில் இருக்கும் அம்மா, போனில், ரூபா என்றுதான் விசாரிப்பார். வெளிநாடு போக வேண்டியிருந்த ஒரு குடும்பம் அவளை இரண்டு வயதில் எனக்குக் கொடுத்தது. விழுந்த கதையைக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஹஸ்கி என்றால் இழுக்கத்தான் செய்யும், அது ரத்தத்திலேயே இருக்கிறது என்றது ஒரு கட்சி. உனக்கு நாயைப் பழக்கத் தெரியவில்லை என்றது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிகளைச் சரியாகச் சேர்த்துக்கொண்டால் ஹஸ்கி வளர்ப்பது பெரிய பாடில்லை.

பிறவிக் குணமா, பழக்கமா?

கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். நாயும் அப்படித்தான். உடம்பில் ஓரிடத்தில் அழுத்தம் விழுந்தால் அதற்கு எதிராகச் சாய்வது எல்லா நாய்க்கும் இயல்பு. பொமரேனியனும் இழுக்கும், நம்மைக் கீழே தள்ளும் எடை அதற்கு இல்லை, அவ்வளவுதான். ஆகவே கழுத்துப்பட்டையை இழுத்துக்கொண்டு ஓடுவது ஹஸ்கியின் தனிக்குணம் இல்லை.

ஹஸ்கியின் தனிக்குணம் வேறு. முன்னே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற தீராத ஆசை அதற்கு. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய்களின் வாரிசுதான் இன்றைய சைபீரியன் ஹஸ்கி. பனியில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களின் வரலாறு அதைவிடவும் மிகப் பழையது. சைபீரியாவுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் உள்ள ஸோகோவ் தீவில் கிடைத்த 9,500 ஆண்டு பழைய நாயெலும்பின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது இன்றைய சறுக்குவண்டி நாய்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. சறுக்குவண்டியின் பாகங்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. அவ்வளவு நீண்ட காலமாக, ஓட மனமில்லாத நாயை யாரும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஹஸ்கி பாரம் இழுக்கும் நாய் இல்லை. ஆண் நாய் 20 முதல் 27 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோதான். லேசான சுமையை, மிதமான வேகத்தில், வெகுதூரம் கொண்டுபோவதற்கென்று உருவான உடம்பு அது. பெரும் பாரத்தை மெதுவாக இழுப்பது அலாஸ்கன் மாலமூட் என்ற இன்னொரு நாயினத்தின் வேலை. வீடியோவில் டயரும் கட்டையும் இழுக்கிற ஹஸ்கியைப் பார்த்துவிட்டு உங்கள் நாயிடம் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

இங்கே டோகோ என்ற நாயின் கதையைச் சொல்லியாக வேண்டும். வட நார்வேயில் பிறந்து 1900இல் அலாஸ்காவின் நோம் நகருக்குப் போனவர் லியோன்ஹார்ட் செப்பலா. அவரிடம் பிறந்த டோகோ நோஞ்சான் குட்டி. வண்டிக்கு ஆகாது என்று ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அது ஜன்னலை உடைத்துக்கொண்டு பல கிலோமீட்டர் ஓடித் திரும்பி வந்தது. அதன்பின் செப்பலா எங்கே வண்டி கட்டினாலும் கட்டை அறுத்துக்கொண்டு பின்னாலேயே போய், மற்ற நாய்களை வம்புக்கு இழுத்தது. ஒருநாள் வேறு வழியில்லாமல் அதன் மேல் ஹார்னஸை, அதாவது மார்பைச் சுற்றி மாட்டும் இழுவை வாரை, மாட்டினார். குட்டி அந்த நிமிடமே அடங்கிப்போனது. வயது 8 மாதம்; அன்றைக்கு 120 கிலோமீட்டர் ஓடியது என்று செப்பலா சொல்லியிருக்கிறார். 1925இல் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகள் கைமாற்றி கைமாற்றி 1,085 கிலோமீட்டர் மருந்து கொண்டுபோனார்கள். அதில் மிக நீளமான, மிக ஆபத்தான பகுதியில் தலைநாயாக ஓடியது அதே டோகோதான், 12 வயதில். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை கிடைத்தது என்னவோ கடைசிப் பகுதியை ஓடிய பால்ட்டோவுக்கு. அது வேறு வருத்தம்.

(8 மாதக் குட்டியை 120 கிலோமீட்டர் ஓடவிடலாம் என்று இதைப் படித்துக்கொள்ள வேண்டாம். அதற்குக் கீழே வருகிறேன்.)

சரி, எல்லா ஹஸ்கியும் டோகோவா? தேர் இழுக்கும்போது பார்த்திருப்பீர்கள்: வடத்தைத் தொட்டுக்கொண்டு, பக்தியோடு, சும்மா கூட நடந்து வருபவர்கள் உண்டு. நாய்களிலும் உண்டு. அதனால்தான் வண்டியோட்டிகள் நாய் ஓடுவதைப் பார்ப்பதில்லை, அதன் பின்னால் இருக்கும் கயிற்றைப் பார்க்கிறார்கள். கயிறு தொய்ந்தால் அந்த நாய் உலா வருகிறது என்று அர்த்தம். அலாஸ்கப் பந்தய நாய்களின் மரபணுவை வைத்து 2010இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. அந்தக் கலப்பு நாய்களுக்கு நீடித்து ஓடும் திறன் சைபீரியன் ஹஸ்கி, மாலமூட் வழியாகவும், வேகம் பாயின்டர், சலூக்கி வழியாகவும் வந்திருக்கிறது. விடாமல் வேலை செய்யும் மனப்பான்மையோ, துருக்கியில் ஆட்டுமந்தைக்குக் காவல் இருக்கும் அனடோலியன் ஷெப்பர்ட் இனத்தோடு தொடர்புபட்டிருந்தது! நீலக்கண்ணும் முகமூடி போட்டாற்போன்ற முகமும் இருப்பதாலேயே ஒரு நாய்க்கு இழுக்கப் பிடித்துவிடாது. கண்காட்சிக்கென்றே பல தலைமுறை வளர்க்கப்பட்ட ஹஸ்கிகளில் சோபாவை விட்டு இறங்க யோசிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பந்தயத் தொடக்கத்தில் நாய்கள் ஊளையிடும், துள்ளும், கயிற்றைக் கடிக்கும். வண்டியை நங்கூரம் போட்டு, கம்பத்திலும் கட்டிவைத்திருப்பார்கள். அவிழ்த்துவிட்ட மறுகணம் சத்தம் அடங்கிவிடும். அதன்பின் பாதங்களின் சத்தம் மட்டும்தான். அந்த அமைதியை ஒருமுறை கேட்டவர்களுக்கு, நாய்களைக் கொடுமைப்படுத்தி ஓட்டுகிறார்களோ என்ற சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஓட மறுத்து உட்கார்ந்துகொள்ளும் ஹஸ்கியைக் கயிற்றின் பின்னால் நிற்கும் மனிதனால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் படி: கழுத்துக்கு ஒரு சட்டம், மார்புக்கு ஒரு சட்டம்

நான் செய்த பெரிய தவறு, எல்லாவற்றுக்கும் ஒரே பட்டையைப் பயன்படுத்தியது. கடையில், இழுப்பதை நிறுத்தும் என்று சொல்லி ஒன்றை விலை அதிகமாக என் தலையில் கட்டினார்கள். ஒரு மாதத்தில் அக்குளில் முடி உதிர்ந்ததுதான் மிச்சம்.

கணக்கு எளியது. கழுத்துப்பட்டை போட்டால் கயிறு தொய்வாக இருக்க வேண்டும். இழுவை ஹார்னஸ் போட்டால் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒருபோதும் குழப்பக் கூடாது. நாய்க்கு இந்த வித்தியாசம் புரியுமா என்று கேட்கிறீர்களா? பேன்ட் போட்டால் ஆபீஸ், லுங்கி கட்டினால் வீடு என்று நம் வீட்டு நாய்க்குத் தெரிகிறதே! ரூனாவுக்கு மூன்று வாரம் ஆனது.

கழுத்துப்பட்டையில் நடக்கும்போது, கயிறு இறுகிய உடனே நின்றுவிடுங்கள். திட்ட வேண்டாம், வெட்டி இழுக்க வேண்டாம். அவள் திரும்பிப் பார்த்தோ பின்னால் வந்தோ கயிற்றைத் தளர்த்தினால் உடனே நடையைத் தொடருங்கள். அவளுக்கு வேண்டியது முன்னே போவது. அதையே கூலியாகக் கொடுக்கிறீர்கள். முதல் வாரம் வீட்டிலிருந்து அடுத்த தெரு போக அரைமணி நேரம் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இரண்டாம் படி: வயது, உடம்பு

எலும்பின் வளர்ச்சித்தட்டு (எலும்பு முனையில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி) மூடுவதற்கு முன்னால் பாரம் வைக்கக் கூடாது. 12 மாதத்துக்கு முன் இழுவை வேண்டாம்; 18 மாதம் வரை பொறுத்தால் இன்னும் நல்லது. அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஹார்னஸை மாட்டிப் பழக்கலாம், சொற்களைக் கற்றுக்கொடுக்கலாம், மண்ணிலும் புல்லிலும் தன் இஷ்டத்துக்கு ஓடவிடலாம். தொடங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் இடுப்பு, முழங்கால், இதயம் மூன்றையும் காட்டிவிடுங்கள். நாய் குண்டாக இருந்தால் முதலில் எடையைக் குறையுங்கள். விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

மூன்றாம் படி: சாமான்கள்

ஹார்னஸ் அளவு சரியாக இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். ஊரில் நுகத்தடி பட்டுக் கழுத்து புண்ணான மாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழுவையின் பாரம் மார்பெலும்பில் விழ வேண்டும், மூச்சுக்குழாயில் விழக் கூடாது. மாட்டிவிட்டுக் கயிற்றைப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். கழுத்துப்பகுதி மேலேறித் தொண்டையை அழுத்தினால் அது சரியான அளவு இல்லை. நாய் இரும ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். அக்குளில் வார் உரசக் கூடாது. கழுத்துப்பகுதிக்குள் இரண்டு விரல் இறுக்கமாக நுழைந்தால் போதும். மேல்பார்வைக்கு ரொம்பப் பிடிப்பாகத்தான் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம். முதுகில் பெருக்கல் குறி போல வார்கள் குறுக்கே போய், வால் அருகே முடிகிற நீள ஹார்னஸ், கயிறு தாழ்வாகப் போகும் சறுக்குவண்டிக்கு ஏற்றது. நீங்கள் ஓட, நாய் உங்கள் இடுப்பை இழுக்கிறது என்றால் கயிறு மேல்நோக்கிச் சாய்ந்து போகும். அப்போது நீள ஹார்னஸ் இடம் மாறி முதுகை அழுத்தும். அதற்கு விலாவோடு முடிகிற குட்டை ஹார்னஸ்தான் நல்லது. கடையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லியே வாங்குங்கள், முடிந்தால் நாயையும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், நடுவில் ரப்பர் வைத்த இழுகயிறு: ஓடுவதற்கு ஏறக்குறைய 2 மீட்டர், சைக்கிளுக்கு 2.5 மீட்டர். அகலமான இடுப்புப் பட்டை. அது இடுப்பெலும்பில் தங்க வேண்டும், வயிற்றில் ஏறினால் மறுநாள் முதுகு பேசும். அவசரத்துக்குக் கயிற்றை விடுவிக்கிற கொக்கி. கூடவே ஒரு சின்ன மடக்குக் கத்தி. கயிறு நாயின் காலைச் சுற்றி இறுகினால் முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது.

நான்காம் படி: சொற்கள்

சறுக்குவண்டி உலகில் வலப்பக்கத்துக்கு ‘ஜீ’, இடப்பக்கத்துக்கு ‘ஹா’. புறப்பட ‘ஹைக்’, நிற்க ‘வோ’, எதையும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக ‘ஆன் பை’. சினிமாவில் வருவது போல ‘மஷ்’ என்று இப்போது யாரும் கத்துவதில்லை. நடக்கச் சொல்லும் ‘மார்ஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது.

நான் முதலில் தமிழில்தான் ஆரம்பித்தேன். வலது, இடது. இரண்டும் ‘அது’ என்றே முடிகின்றன. காற்றில் அந்த வால் மட்டும்தான் அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் ஜீ, ஹாவுக்கே வந்துவிட்டேன். ஒருமுறை போனில் இதைக் கேட்ட அம்மா, நாயைப் போய் ஜீ போட்டு மரியாதையாகக் கூப்பிடுகிறாயே என்றார்.

எந்த மொழியானாலும், இரண்டு சொல்லும் காதுக்கு வேறுவேறாக இருந்தால் போதும். நடைப்பயிற்சியில், கயிறு தொய்வாக இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். முனைக்கு இரண்டு அடி முன்னால் சொல்லைச் சொல்லி, திரும்பிய கணத்தில் பாராட்டுங்கள். ‘ஆன் பை’யை மட்டும் தனியாக, மாதக்கணக்கில் பழக்குங்கள். பூனை, அணில், எதிரே வரும் நாய் என எல்லாச் சோதனையும் அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

ஐந்தாம் படி: முதல் இழுவை

கழுத்துப்பட்டையில் இழுக்காதே என்று கற்றுக்கொண்ட நாய், ஹார்னஸ் போட்டதும் தயங்கி உங்களைத் திரும்பிப் பார்க்கும். தன் பின்னால் ஏதோ வருகிறதே என்று பயப்படவும் செய்யும். எனவே ஹார்னஸில் முதலில் கயிற்றை மட்டும் கட்டி, தரையில் இழுபட விட்டு நடங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சின்ன விறகுக் கட்டையைக் கட்டுங்கள். அரை கிலோ போதும். பாரம் முக்கியமில்லை, சரசரவென்று பின்னால் வரும் சத்தத்துக்குப் பழகுவதுதான் காரியம். சத்தத்துக்கு மிரண்டு ஓட்டம் பிடித்தால் அன்றோடு நிறுத்திவிட்டு மறுபடி கயிற்றுக்கே போங்கள்.

அடுத்து இடுப்புப் பட்டையை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரை 50 மீட்டர் முன்னால் போய் நின்று கூப்பிடச் சொல்லுங்கள். ‘ஹைக்’. கயிறு இறுகியதும் வாயாரப் பாராட்டுங்கள். கயிறு விறைத்திருக்கும் நேரம் முழுக்க நல்ல வார்த்தை, தொய்ந்தால் மௌனம். பிஸ்கட் கொடுக்க ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்துவது அவளுக்குத் தண்டனை.

புதுக் காளையைப் பழகிய மாட்டோடு சேர்த்து நுகத்தில் கட்டிப் பழக்குவார்கள் அல்லவா? நாய் வண்டிக்காரர்கள் செய்வதும் அதேதான். ஏற்கெனவே ஓடத் தெரிந்த நாய் உள்ளவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களோடு நாலு நாள் ஓடுங்கள். என்னை ஸொங்ஸ்வானில் விழுந்த இடத்திலிருந்து தூக்கிவிட்ட பெண்மணி முன்பு நாய் வண்டிப் பந்தயங்களில் ஓடியவர். அவருடைய கிழட்டு ஆண்நாய் ரூனாவுக்கு ஒரே மாதத்தில் கற்றுக்கொடுத்ததை என்னால் ஒரு வருடத்தில் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

தூரத்தைப் பொறுத்தவரை: முதல் வாரம் 500 மீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் ஒரு கிலோமீட்டர். ஆறாவது வாரத்தில் 3 கிலோமீட்டருக்கு வந்தால் போதும். இன்னும் போகலாமே என்று அவள் நினைக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். களைத்துப் படுக்கும்வரை ஓடவிட்டால் அடுத்த தடவை ஹார்னஸைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தார்ச்சாலை வேண்டாம். மண்பாதை, காட்டுப்பாதை, புல்.

ஓடுவதற்கு நாலு மணி நேரம் முன்பிருந்து வயிறு நிறையச் சாப்பாடு போடாதீர்கள். நிறைந்த வயிற்றோடு ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, உயிர் போகும் விஷயம். தண்ணீரை மட்டும் இரண்டு மணி நேரம் முன்னால் கொடுங்கள். ஹஸ்கி தண்ணீரைச் சட்டை செய்யாது. கொஞ்சம் மீனோ கறியோ வேகவைத்த சாறு கலந்தால் பாத்திரத்தையே நக்கிவிடும். வண்டிக்காரர்களின் பழைய தந்திரம் அது.

சைக்கிளும் ஸ்கூட்டரும் பனிச்சறுக்குக் கட்டையும்

கூட ஓடுவது அலுத்த பிறகு, அல்லது உங்கள் மூச்சு போதாதபோது, சக்கரம். சைக்கிளைவிடக் காலால் உந்தும் பெரிய சக்கர ஸ்கூட்டர்தான் புதியவர்களுக்கு நல்லது. நிற்கும் பலகை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் விழுவதற்கு முன் குதித்துவிடலாம். இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், தலையில் ஹெல்மெட், கையுறை. கயிறு முன்சக்கரத்தில் சிக்காமல் தாங்குகிற கம்பி ஒன்று கைப்பிடிக்குக் கீழே வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சைக்கிள் ஓட்டுபவர்களை இங்கேயும் பார்க்கிறேன். ஒரே ஒரு அணில் போதும்.

‘வோ’ என்றால் நிற்கிற நாய் கிடைக்கும்வரை சக்கரத்தில் ஏறாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தே வாருங்கள், கயிறு எப்போதும் இறுகியிருக்க வேண்டும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுங்கள், அவள் மட்டும் இழுக்க நீங்கள் நிற்பது நியாயமில்லை.

பனி விழும் நாட்டில் இருப்பவர்களுக்கு ஸ்கிஜோரிங் இருக்கிறது. பனிச்சறுக்குக் கட்டையில் நீங்கள், முன்னால் நாய். ஸ்கி தெரியாமல் இதில் இறங்க வேண்டாம். முதல் குளிர்காலம் முழுக்க நான் நாயில்லாமல் ஸ்கி மட்டும் பழகினேன், ஆஸ்லோவின் ஐந்து வயதுக் குழந்தைகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நார்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாய் கயிற்றில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஹஸ்கிக்காரருக்கு அது வருடம் முழுவதுக்குமான சட்டம். வேலியில்லாத இடத்தில் அவிழ்த்துவிட்ட ஹஸ்கி திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம்

இழுவைக்கு 15 டிகிரி செல்சியஸ்தான் மேல்வரம்பு. காற்று ஈரமாக இருந்தால் 12 டிகிரியிலேயே நான் ஹார்னஸைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். ஹஸ்கிக்கு அதற்கு மேல் இரட்டைக் கம்பளி. அதன் இயல்பான உடல்வெப்பம் 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் ஆபத்து. நாக்கு அகன்று தொங்குவது, ஈறு கருஞ்சிவப்பாவது, எச்சில் கெட்டியாவது, பின்னங்கால் தள்ளாடுவது, வாந்தி: இதில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தோல்வரை நனையும்படி தண்ணீர் ஊற்றி, விசிறி, அப்படியே மருத்துவரிடம் போங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

சென்னையிலும் கோவையிலும் ஹஸ்கி வளர்ப்பவர்கள் என்னிடம் இழுவைப் பயிற்சி பற்றிக் கேட்பதுண்டு. என் பதில் ஒன்றுதான்: சமவெளியில் வேண்டாம். சென்னையில் மார்கழி விடியலில்கூட 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், ஈரப்பதமோ அதிகம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் சூரியன் வருவதற்கு முன் நிதானமான நடை, வீட்டுக்குள் மூக்குக்கு வேலை, தண்ணீர்த் தொட்டி. வெயிலுக்கு நல்லது என்று முடியை மழிக்காதீர்கள். அந்தக் கம்பளிதான் வெயிலையும் தடுக்கிறது, மழித்தால் திரும்பச் சரியாக வளராமலும் போகலாம். இன்னும் வாங்கவில்லை என்றால், ஓட்டக்கார நாய்தான் வேண்டுமென்றால், நம் கன்னியும் சிப்பிப்பாறையும் எதற்கு இருக்கின்றன?

ஓடாத நாட்கள்

ஹஸ்கியை ஓடவைத்தே களைக்க வைத்துவிடலாம் என்பது புதியவர்கள் எல்லோரும் போடும் தப்புக்கணக்கு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸ் என்ற கால்நடை ஆராய்ச்சியாளர் சறுக்குவண்டி நாய்களைப் பல வருடம் ஆராய்ந்தார். நாளுக்கு 160 கிலோமீட்டர் வீதம் தொடர்ந்து ஓடும் நாய்களின் உடம்பில் முதல் நாள் தெரிந்த சோர்வின் அடையாளங்கள், ஓட்டம் நிற்காமலே, சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதைக் கண்டார். அப்படிப்பட்ட பரம்பரையைத் தினமும் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் என்ன ஆகும்? இன்னும் ஒரு கிலோமீட்டர் கேட்கும் நாய் கிடைக்கும். நீங்கள் வளர்ப்பது ஓர் ஓட்டப்பந்தய வீரனை, அதுவும் வீட்டுக்குள்.

வாரத்தில் மூன்று நாள் இழுவை, மீதி நாளில் மூளைக்கும் மூக்குக்கும் வேலை என்பது என் வழக்கம். 10 மீட்டர் நீளக் கயிற்றில் கட்டி, காட்டில், அவள் இஷ்டத்துக்கு மோப்பம் பிடிக்க விடுவேன். எங்கே போகிறோம் என்று அவள்தான் முடிவு செய்வாள், எவ்வளவு நேரம் நின்றாலும் அவசரப்படுத்த மாட்டேன். நாற்பது நிமிட மோப்பத்துக்குப் பிறகு வருகிற தூக்கம் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு வருவதில்லை. இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போடாமல் பழைய துண்டுக்குள் சுருட்டிக் கொடுப்பேன், தோட்டத்துப் பனியில் தூவிவிடுவேன். வளர்ந்த நாய்க்கு முதுகுப்பை மாட்டி மலையேறலாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை வேண்டாம், இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். டிரெட்மில் பற்றிக் கேட்பார்கள். எனக்கு அதில் மனமில்லை. ஓடியும் எங்கேயும் போய்ச் சேராத வேலையை ஹஸ்கி தலையில் கட்டுவானேன்?

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நாலு பாதத்தையும் விரலுக்கு இடையில் பிரித்துப் பாருங்கள். வெடிப்பு, சிக்கிய கல், உறைந்த பனியுருண்டை, குளிர்நாட்டுச் சாலைகளில் தூவுகிற உப்பு. உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள், விட்டால் நக்கியே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும். வெடிப்பு இருந்தால் ஆறும்வரை ஓட்டம் கிடையாது, அல்லது துணிக்காலுறை. ஹார்னஸை வாரம் ஒருமுறை துவையுங்கள்; காய்ந்த உப்பும் மண்ணும் அரம் மாதிரி அறுக்கும்.

நார்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க்கில், ஆல்ட்டா நகரிலிருந்து 1981 முதல் நடக்கும் ஃபின்மார்க்ஸ்லோப்பே நாய் வண்டிப் பந்தயத்தின் நீண்ட தடம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். மார்ச்சில் அதை ஓடப்போகிற அணிகள் கோடை முடியும்போதே பயிற்சியைத் தொடங்கிவிடும். பனி இருக்காது, நாலு சக்கர மோட்டார் வண்டியின் முன்னால் நாய்களைக் கட்டி, குளிர்ந்த இரவுகளில், குறைந்த தூரம். நானும் ஆகஸ்ட் கடைசியில், முதல் குளிர் தட்டும் அதிகாலையில் ஹார்னஸை எடுக்கிறேன். கொக்கி சத்தம் கேட்டதுமே ரூனா வாசலில் நின்று ஊளையிட ஆரம்பித்துவிடுவாள், மாடிவீட்டுக்காரர் எழுந்துவிடுவார். போன வசந்தத்தில் அவள் 12 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் கணக்கு மறுபடி 500 மீட்டரில் இருந்துதான் தொடங்கும்.